அம்மா கடலோடு பேசிய ஆறு நிமிடங்கள்

காய்ந்த வாணலியில் கடுகு வெடிப்பது போன்ற ஓர் ஓசைதான் முதலில் கேட்கும். அது கொஞ்சம் அடங்கியதும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல, அப்பாவின் குரல் கரகரத்துக்கொண்டு மேலே வரும். மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பின்புறத் தெருவில், பெரியப்பா வீட்டுக் கூடத்தில், பூத்தையல் போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்புத் தொலைபேசிக்குள்தான் கடல் இருக்கிறது என்று ஏழு வயது வரை நான் உறுதியாக நம்பியிருந்தேன்.

அப்பா கப்பல்களில் இயந்திரப் பொறியாளராக இருந்தார். நடுக்கடலிலிருந்து அவர் பேசும்போது, குரல் காற்று வழியே கடற்கரை வானொலி நிலையத்துக்கு வந்து சேரும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் அதை எங்கள் தொலைபேசியோடு இணைத்துவிடுவார். ஆனால் அந்த வழி ஒற்றையடிப் பாதையைப் போன்றது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் நடக்க முடியாது. ஒருவர் பேசி முடித்து "ஓவர்" என்று சொன்ன பிறகுதான் மற்றவரின் முறை வரும். இந்த விதியில் மயங்கிப்போன நானும் பெரியப்பாவின் மகன்கள் இருவரும் எங்கள் அன்றாட வாழ்வையே அதன்படி அமைத்துக்கொண்டோம். "ரசம் போதும், ஓவர்" என்போம். "அவன் என்னைக் கிள்ளினான், ஓவர்" என்று புகார் கொடுப்போம். பெரியம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை ஓவர் சொன்னீங்க, சோறு கெடையாது, ஓவர்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிடுவார்.

அந்த வீட்டில் "ஓவர்" சொல்லத் தேவையே இல்லாதவள் அம்மாதான். அவள் பேச்சை முடிக்கும் வாய்ப்பு ஒருநாளும் வந்ததில்லை. "நான் என்ன நெனச்சேன்னா..." என்று தொடங்குவாள்; அதற்குள் பெரியப்பா தீர்ப்புச் சொல்லியிருப்பார், அல்லது பெரியம்மா வேறொன்றை நினைத்துக்கொண்டிருப்பார், அல்லது குக்கர் விசில் அடித்துவிடும். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. பெரியப்பா அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்தவர். தம்பியின் குடும்பத்தைத் தன் தோளில் சுமப்பதாக எண்ணியவர். தொலைபேசியில் எண் சுழற்றும் வட்டுக்கு ஒரு சிறிய பூட்டுப் போட்டு, சாவியை நூலில் கோத்துப் பூணூல்போல் தோளின் குறுக்கே மாட்டியிருந்தவர். கப்பலிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் எடுப்பவரும் அவரே. மழை, வீட்டு ஓடு, என் மதிப்பெண் என எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, சல்யூட் அடிப்பதுபோல "ஓவர்" என்பார். அம்மாவின் கைக்கு வரும்போது ஓரிரு நொடிகளே மீந்திருக்கும். "நல்லா இருக்கீங்களா, ஓவர்." "இருக்கேன், ஓவர்." அவ்வளவுதான் அவர்கள் பேச்சு.

அப்பா முன்பு இவ்வளவு தொலைவில் இருந்தவர் அல்ல. மணமாவதற்கு முன், ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் சென்ற சிறிய கப்பலில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக வேலை பார்த்திருக்கிறார். காலையில் அக்கரை, மாலையில் இக்கரை. பிறகு தேர்வுகள் எழுதித் தேறி, சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த பயணிகள் கப்பலில் சேர்ந்தார். அந்தக் கப்பல் எனக்கு நினைவிருக்கிறது. அது வந்து சேரும் நாளில் துறைமுகம் திருவிழாவாகிவிடும். தகரப் பெட்டிகளும் போர்வை மூட்டைகளும் தைல மணமுமாக ஆட்கள் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு அப்பா வருவார். பின்னர் ஆட்கள் விமானத்தில் பறக்கத் தொடங்கினார்கள், கப்பலும் கிழடாயிற்று, ஒருநாள் அந்தப் போக்குவரத்தே நின்றுபோயிற்று. அப்பா சரக்குக் கப்பலுக்குப் போனார், அங்கிருந்து எண்ணெய்க் கப்பலுக்கு. குறுக்கு வழியாக இருந்த கால்வாய் ஒன்று மூடிக் கிடந்த காலத்தில், ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு எண்ணெய் கொண்டுவர வேண்டியிருந்ததால், உலகில் அதுவரை இல்லாத பெரிய கப்பல்களைக் கட்டினார்களாம். அப்படிப்பட்ட ஒன்றில்தான் அவர் இருந்தார். கச்சேரி சாலையின் ஒரு முனையில் அதை நிறுத்தினால் அதன் மூக்கு எந்தக் கடை வாசலில் நிற்கும் என்று நாங்கள் மூவரும் அடி வைத்து அளந்து பார்த்திருக்கிறோம். அவ்வளவு பெரிய கப்பலில் மொத்தம் முப்பது பேர். அவ்வளவு பெரியதாக இருந்ததாலேயே எங்கள் துறைமுகத்துக்குள் அதனால் வர முடியாது. கப்பல் வளர வளர, அப்பா எங்கள் கண்ணுக்குச் சிறுத்துக்கொண்டே போனார்.

எனக்கு ஒன்பது வயதாகியிருந்த அந்தக் கோடையின் தொடக்கத்தில் அப்பாவிடமிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. உலகில் எண்ணெயின் தேவை குறைந்துவிட்டது, பெரிய கப்பல்களெல்லாம் வேலையில்லாமல் வரிசையாக நிற்கின்றன, தன் கப்பலும் விசாகப்பட்டினத்துக்கு வெளியே நங்கூரமிட்டு உத்தரவுக்காகக் காத்திருக்கப் போகிறது, ஒரு மாதமோ இரண்டோ தெரியாது, அதன் பிறகு விற்றுவிடுவார்கள் என்று பேச்சு, அதற்குள் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள கம்பெனி அனுமதித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். கூடவே அம்மா கையெழுத்திட வேண்டிய ஒரு படிவமும் இருந்தது.

பெரியப்பா கடிதத்தைக் கூடத்தில் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எண்ணெய்க் கப்பல்ல பொம்பளைக்கும் கொழந்தைக்கும் என்ன வேலை? ஒரு பொறி பட்டா போச்சு."

"இல்ல மாமா, நான் என்ன நெனச்சேன்னா..." என்றாள் அம்மா.

"நெனைக்கறதுக்கு இதுல என்ன இருக்கு, சுலோச்சனா? சனிக்கிழமை அவன் பேசுவான். நானே சொல்லிடறேன்."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அன்று மாலை வரை அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கல்லே இல்லாத அரிசி அது. அந்தக் கப்பல் போய்விட்டால் அடுத்த கப்பலில் இப்படி அனுமதிப்பார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை என்பது எனக்கே புரிந்திருந்தது.

சனிக்கிழமை பிற்பகல், வெயில் முற்றத்திலிருந்து சுவரேறும் நேரத்தில், தொலைபேசி மணி அடித்தது. அந்தக் கருவியில் பேசுவது கூடத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்.

"கப்பல் லைன்ல இருக்கு சார். ஆறு நிமிஷம்," என்றார் ஆபரேட்டர்.

கடுகு வெடித்தது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, நான்தான். எல்லாரும் சௌக்கியம். உன் லெட்டர் வந்துது. கப்பல் கிப்பல்லாம் சரிப்பட்டு வராது. கொழந்தைக்குப் படிப்பு இருக்கு. சுலோச்சனாவும் வேணாம்னுட்டா. ஓவர்."

பிறகு அப்பாவின் குரல்: "அண்ணா, போனை அவகிட்ட குடுங்க. ஓவர்."

பெரியப்பா "சீக்கிரம்" என்று சைகை காட்டியபடி கொடுத்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"என்னங்க, நான்தான். நான் வேணாம்னு சொல்லல. நான் என்ன நெனச்சேன்னா..."

"நேரமாவுதும்மா, ஓவர் சொல்லிடு," என்றார் பெரியப்பா.

உடனே ஆபரேட்டரின் குரல் குறுக்கிட்டது. "சார், பக்கத்துல யாரும் பேசாதீங்க. உங்க குரலும் சேந்து கப்பலுக்குப் போவுது. அம்மா, நீங்க பேசுங்க. நீங்களா ஓவர் சொல்ற வரைக்கும் லைன் உங்களுதுதான்."

வாழ்நாள் முழுதும் அரசாங்கத்தின் குரலுக்குக் கட்டுப்பட்டுப் பழகியவர் பெரியப்பா. வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கூடத்தில் அப்படியொரு மௌனத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அம்மா கருவியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். யாரும் தடுக்காத ஒரு வாக்கியத்தை எப்படி மேலே கொண்டுபோவது என்று அவளுக்கே தெரியவில்லைபோலும். பிறகு பேசினாள்.

"நான் என்ன நெனச்சேன்னா, கல்யாணமாகி பத்து வருஷத்துல நாம ஒரே வீட்ல இருந்தது ரெண்டு வருஷம்கூட வராது. உங்க லெட்டரை நாலு தடவை படிக்கறேன். ஆனா நீங்க எங்க உக்காந்து எழுதினீங்கன்னு எனக்குக் கண்ணுல வரமாட்டேங்குது. மேசை எந்தப் பக்கம், ஜன்னல் வட்டமா சதுரமா, ஒண்ணும் தெரியல. அப்பாவை வரைடின்னா கொழந்தை போனைத்தான் வரையறா. இந்தக் கப்பலை வித்துட்டா அப்புறம் எந்தக் கப்பலோ, எந்தக் கடலோ. மாமா பயப்படறது புரியுது. நானும்தான் பயப்படறேன். பயந்துக்கிட்டே வரேன். இவ பரீட்சை முடிஞ்ச மறுநாள் கிளம்பறோம்."

அவள் மூச்சு வாங்கினாள். நாங்கள் ஏழெட்டு நொடி காத்திருந்தோம். பெரியம்மா, "ஓவர் சொல்லுடி," என்று உதட்டசைவால் கெஞ்சினார்.

"ஓவர்," என்றாள் அம்மா.

கடுகு வெடித்தது. ஆனால் வந்த குரல் அப்பாவுடையது அல்ல.

"தங்கச்சி! நான் வேற கப்பலுமா. லைனுக்கு வெயிட் பண்ணிக்கினு கீறேன். இன்னாத்துக்கு இவ்ளோ யோசனை? ஷோக்கா கெளம்பி வாம்மா! பெர்சு கோச்சிக்கினா கோச்சிக்கட்டும், வுடு!"

"யாருப்பா அது நடுவுல? சேனலை விட்டுப் போப்பா!" என்று அதட்டிய ஆபரேட்டரின் குரலிலும் சிரிப்பு இருந்தது. தன் முறைக்காகக் காத்திருந்த வேறொரு கப்பலின் ஊழியர், ராயபுரத்துக்காரரோ காசிமேட்டுக்காரரோ, இந்தப் பக்கத்துப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வங்கக்கடலில் அந்த நேரத்தில் இன்னும் எத்தனை பேர் அம்மாவின் பேச்சைக் கேட்டார்களோ தெரியாது. கடைசியில், தேய்ந்த குரலில், அப்பா வந்தார்.

"வா. ரெண்டு பேரும் வாங்க. ஓவர்."

இணைப்பு அறுந்தது. அம்மா கருவியை வைத்துவிட்டு, துணியைப் போர்த்தி, அதன் ஓரங்களை இழுத்துச் சரிசெய்துகொண்டே நின்றாள். திரும்பிப் பார்க்கத் தயக்கம். பெரியப்பாதான் முதலில் பேசினார்.

"பெர்சுன்னு யாரைச் சொன்னான் அவன்?"

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். அண்ணன்கள் இருவரும் தரையில் உருண்டார்கள். பெரியப்பாவும் சிரித்தாரா என்று நினைவில்லை; ஆனால் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, பேனாவின் மூடியைத் தானே கழற்றி, இரண்டையும் அம்மாவிடம் நீட்டியது நன்றாக நினைவிருக்கிறது.

எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் நைலான் உடுத்தக்கூடாது, உரசினால் பொறி வரும், நூல் துணிதான் வேண்டும் என்று படிவத்தின் பின்பக்கம் அச்சிட்டிருந்தது. அதை மனப்பாடம் செய்துகொண்ட பெரியப்பா, எங்கள் எல்லாரையும் தியாகராய நகருக்கு அழைத்துப் போனார். ரங்கநாதன் தெருவில் கடை கடையாக ஏறி, ஒவ்வொரு புடவையின் நுனியையும் பிடித்துக்கொண்டு, "இதுல நைலான் ஒரு இழைகூட இல்லியே? எண்ணெய்க் கப்பலுக்குப் போறது," என்று விசாரித்தார். ஒரு கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், புடவை ஏத்துமதி பண்றியா? சுத்தமான நூலு நைனா. கடல்ல வுழுந்தாக்கூட சாயம் போவாது. ஆள் வுழாம பாத்துக்க."

சென்ட்ரல் நிலையத்தில் ரயில் நகரும்வரை பெரியப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கப்பலில் நாற்பது நாள் இருந்தோம். விசைப்படகிலிருந்து பார்த்தபோது அது கப்பலாகவே தெரியவில்லை. கடலில் யாரோ ஒரு தெருவை வெட்டிக் கொண்டுவந்து போட்டதுபோல் இருந்தது. மேல்தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஆட்கள் சைக்கிள் வைத்திருந்தார்கள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் சைக்கிளைத் தொட்டதில்லை. இங்கே அவளைப் பார்ப்பதற்கு, கப்பல் ஆட்களை விட்டால், பறவைகள் மட்டுமே இருந்ததால், அம்மா நூல் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். குழாய்களுக்கு நடுவே இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் நாள் அப்பா கையை விட்டுவிட்டார். அது தெரியாமல் அவள் கப்பலின் மூக்குவரை மிதித்துக்கொண்டே போனாள், உரக்கப் பேசியபடி. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்து கை தட்டினார்.

முன்பே பேசிக்கொண்டபடி அந்தக் கப்பலை விற்றார்கள். குஜராத் கரையில் ஏற்றி உடைத்துவிட்டதாகப் பின்னால் அப்பா சொன்னார். வானொலித் தொலைபேசியும் போயிற்று; இன்று கப்பலில் இருக்கிறவர்கள் செயற்கைக்கோள் வழியே முகம் பார்த்துப் பேசுகிறார்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பெரியப்பாவும் பெரியம்மாவும் இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது.

அம்மாவும் அப்பாவும் இப்போது அடையாறில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தபோது, அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவிடம், அன்றைக்கு அம்மா தொலைபேசியில் பேசியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"எங்க முழுசா கேட்டுது? பாதி இரைச்சல்ல போயிடுச்சு," என்றார். "'வேணாம்னு சொல்லல', அப்புறம் 'பயந்துக்கிட்டே வரேன்.' இது ரெண்டுதான் காதுல வுழுந்துது. அது போதும்னு வான்னுட்டேன்."

அம்மாவின் கத்தி நின்றது. "நாப்பது வருஷமா இதைச் சொல்லலியே நீங்க!"

"நீ கேக்கலியே."

"நான் அன்னிக்கு எவ்வளவு பேசினேன் தெரியுமா? ஊர்ல இருக்கற கப்பலெல்லாம் கேட்டுது, உங்களுக்குத்தான் கேக்கலியா?"

தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். மேசை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்பதிலிருந்து தொடங்கினாள். அந்த மேசையில் அவளே நாற்பது நாள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இன்னும் நன்றாகக் கேட்கும் ஒரு காதை அவள் பக்கம் திருப்பி, எங்கோ தொலைவிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த செய்தியைக் கேட்பவரைப்போல, குறுக்கே ஒரு சொல் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.