கலைமணியின் வெப்சைட்டில் பன்னிரண்டு முகங்கள்

கொல்லிமலையில் காதுகுத்து என்றாலும் கடைதிறப்பு என்றாலும் முதல் வேலையாக பிளெக்ஸ் அடித்துவிடுவார்கள். மற்ற சாமானெல்லாம் அப்புறம்தான். ஆகவே அரியூர் நாட்டு ஊராட்சியில் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, வெளியூர் ஆட்கள் வந்து தங்க வெப்சைட் தொடங்கிய கலைமணி, அதற்கும் பிளெக்ஸ் கடையிலேயே டிசைன் வாங்கி முகப்பில் ஒட்டினாள். நடுவில் மாமனார் அர்த்தனாரி கைகூப்பி நின்றார். சுற்றிலும் பங்காளிகளும் மச்சான்களுமாக, அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு முகங்கள். அறையைப் பற்றிய எழுத்து கிடைத்த இடுக்கில். அவள் முகம் மட்டும் இல்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான்.

கன்னடம், மலையாளம், இந்தி என்று தானாக மொழிபெயர்க்கும் பட்டனும் வைத்திருந்தாள். பெங்களூரிலிருந்து ஒரே ஒரு போன் வந்தது. "இது எந்தக் கட்சி ஆபீஸ்?" என்று அரைத் தமிழில் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள்.

"சித்திரைக்குள்ள ஆளு வரலீன்னா ரூமுல மொளகு மூட்டைய அடுக்கிருவோம் சாமி" என்றார் அர்த்தனாரி. அறைகள் கலைமணி ஒருத்தியின் பிடிவாதம்.

கன்னடப் பட்டனை அமுக்கிப் பார்த்தாள். மேலே மெனு மாறியது, அடியில் முகவரியும் மாறியது. நடுவில் மட்டும் தமிழ் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மொழிபெயர்ப்புக் கருவியை அழித்துப் புதிதாகப் போட்டாள், அதற்கும் மசியவில்லை. ஒரு வார்த்தையையாவது தனியாகப் பிடிப்போமென்று விரலை அழுத்தினால், 'படத்தைச் சேமிக்கவா?' என்றது போன். மாமனார் உட்பட அத்தனையும் ஒரே போட்டோ. எழுத்தே இல்லாத இடத்தில் பாவம், கருவி எதை மொழிபெயர்க்கும்?

மாமனாரைத் தூக்குவதா, மூட்டைக்கு வழிவிடுவதா? தூக்கிவிட்டாள். அறை, வெந்நீர், ராகிக்களி என்று எல்லாவற்றையும் தானே தட்டெழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். பட்டனைத் தொட்டதும் பக்கம் முழுக்கக் கன்னடமானது.

"ஏங்கண்ணு, நானென்ன செத்தா போயிட்டேன், போட்டோவ எடுத்துப்போட்ட?"

"இல்லீங்க மாமா. நீங்க இருக்கற வரைக்கும் அதுக்குக் கன்னடம் வரமாட்டேங்குதுங்க."

அன்றோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அது அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

சித்திரை பிறக்கும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. பங்குனிக் கடைசியில் முதல் மூட்டையைத் தோளில் தூக்கி அறைப்பக்கம் போனபோது, மைசூர் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கிய பெண் செல்போனைப் பார்த்தபடி, "கலைமணி?" என்று கேட்டாள்.

அந்த ஊரில் அவள் ரமேஷ்குமார் சம்சாரம். மாமனாருக்குக் கண்ணு, சாமி. அர்த்தனாரி மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கலைமணி, உன்னத் தேடி வந்திருக்காங்க."

கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்த கலைமணிக்கு, வந்தவர்களைப் பார்ப்பதா மாமனாரைப் பார்ப்பதா என்று ஒரு கணம் தெரியவில்லை.