ஆத்தாளிடம் பூக் கேட்டேன், கோபத்தோடு திரும்பினேன்

சமயபுரத்தாளைக் கும்பிடுகிற அன்பர்களே, பரு என்பது பதினாறு வயதில் வந்து தானாகப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு இருபத்தெட்டு வயதில் வந்தது. வந்தது போகவில்லை. கன்னம், தாடை, கழுத்து வரை சீழ் கோத்த கட்டிகள். ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இரண்டு கிளம்பும். 1962-ஆம் வருஷம், தை மாதம். அப்போது பாலக்கரையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அம்மை என்றாலே ஊர் நடுங்கிய காலம் அது. "ஆத்தா வந்திருக்காளா டீச்சர்?" என்று வாசலோடு நின்று கேட்பார்கள். இது அம்மை இல்லை, பரு என்று எத்தனை பேரிடம் சொல்வது? சிலர் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய டீச்சர் நல்லவர்தான். அவரே ஒரு நாள் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சரோஜா. கோடை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள மொகம் சரியாகணும். இல்லன்னா வேற ஆளத்தான் போடுவாங்க."

அந்த வேலை எனக்கு உயிர்.

தெப்பக்குளம் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். கேப்சூல் எழுதிக் கொடுத்தார். "மாசக்கணக்கா சாப்பிடணும். பாலோட மட்டும் சாப்பிடாதீங்க. தலைக்கு வழிய வழிய எண்ணெய் வெக்காதீங்க. கட்டியக் கிள்ளாதீங்க," என்றார்.

என் வீட்டுக்காரருக்கு மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லில் வேலை. இங்கிலீஷ் மருந்தென்றாலே அவருக்கு ஆகாது. "எல்லாம் ஒடம்புச் சூடு. பொரிச்சது வறுத்தத விடு. நேரத்துல படு. எண்ணெ தேச்சுக் குளி. இந்த மருந்து இருக்கற சூட்டையும் கெளப்பி விட்டுரும்," என்றார்.

அவர் எண்ணெய் வை என்கிறார், டாக்டர் வைக்காதே என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? காலையில் மருந்துதான் என்று முடிவு செய்வேன். சாயங்காலம் கண்ணாடியைப் பார்த்ததும் மனம் மாறிவிடும். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பாடம் நடத்தும்போதே முந்தானையால் தாடையை மூடிக்கொள்வேன். கடைசியில் இரண்டு பேச்சையும் சேர்த்துக் கேட்டேன். வடை, பஜ்ஜியை விட்டேன். கேப்சூலையும் விழுங்கினேன். அதன் சூடு தணிய ஒரு டம்ளர் மோரோடு விழுங்கினேன். டாக்டர் பால்தானே கூடாது என்றார்? சளி பிடித்தவனுக்குச் சுடச்சுடப் பால் கொடுப்போம், மோர் கொடுப்போமா? பால் வேறு, மோர் வேறு.

மாசிக் கடைசியில் ஆத்தாள் பச்சைப் பட்டினி விரதம் தொடங்கினாள். பிள்ளைகளை நோய் நொடி அண்டக்கூடாது என்று தாயே பட்டினி கிடக்கிற விரதம். துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான் அவளுக்குப் படையல். நானும் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, உடம்பு தாங்கிய மட்டும் விரதம் இருந்தேன். வீட்டில் மோர் கூடியது. பருவும் கூடியது. "உன்னைத்தானே நம்பியிருக்கேன், கண்ணைத் தொறந்து பாரேன்," என்று விளக்கின் முன்னால் உட்கார்ந்து அழுவேன்.

பங்குனியில் பொறுமை போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டேன். சிவப்பு வந்தால் மருந்தை விட்டுவிட்டு விரதமும் பத்தியமும் மட்டும். வெள்ளை வந்தால் மருந்து. பூசாரி இரண்டு பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அவள் காலடியில் போட்டார். சிவப்புதான் வரும் என்று எனக்கு நிச்சயம். அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

எனக்கு ஆத்தாள் மேலேயே கோபம் வந்தது. விபூதிகூட வாங்காமல் திரும்பினேன். ஆனால் கேட்டுவிட்டு மீறலாமா? ஆத்திரமும் அழுகையுமாக நேரே டாக்டரிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"ஆத்தாளும் மருந்தத்தான் சாப்பிடச் சொல்றா. உங்க மருந்துதான் கேக்க மாட்டேங்குது."

டாக்டர் கோபிக்கவில்லை. "எதோட முழுங்கறீங்க?" என்று கேட்டார்.

"மோரோடங்க."

"பால் கூடாதுன்னு சொன்னேனே?"

"பால் இல்லீங்க. மோரு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மோரும் பாலுதாம்மா. மருந்த ஒடம்புல சேர விடாது. இத்தன நாளும் வீணாப் போச்சு. வெறும் தண்ணியில முழுங்குங்க. மோர வேற வேளைக்குக் குடிங்க."

"விரதத்த விடணுங்களா?"

"ஒடம்பு தாங்கினா இருங்க. பொரிச்சதக் கொறச்சுக்கறதும் நேரத்துல தூங்கறதும் நல்லதுதான். ஆனா அதுவே மருந்தாயிடாது."

படியிறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சிவப்பு வந்திருந்தால் நான் அந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன். கேப்சூலைச் சாக்கடையில் கொட்டியிருப்பேன். நான் கோபித்துக்கொண்ட பூதான் என்னை அங்கே அனுப்பியிருக்கிறது. நடுத்தெருவில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரே நாளில் ஒன்றும் நடக்கவில்லை. சித்திரைத் தேரின்போது புதுக் கட்டிகள் குறைந்திருந்தன. என் வீட்டுக்காரர் அப்போதும், "பஜ்ஜிய விட்டதாலதான்," என்றார். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். மருந்து விழுங்கத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தானே.

பள்ளிக்கூடம் திறந்த அன்று தழும்புகள் இருந்தன, கட்டி இல்லை. பெரிய டீச்சர் என் முகத்தை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "போங்க, ஒண்ணாங்கிளாஸ் கத்துது," என்றார். அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை அழுதுகொண்டே என் இடுப்பில் தொற்றிக்கொண்டு, ஈர மூக்கும் முகமுமாக என் கன்னத்தில் சாய்ந்தது. அதன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு, "பாத்துக்கங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்றும் பங்குனியில் விரதம் இருக்கிறேன், நோய் வந்தால் மருந்தும் சாப்பிடுகிறேன். அன்பர்களே, மனம் இரண்டாகக் கிழிகிற வேளையில் அவளிடம் கேளுங்கள். பிடிக்காத பதில் வந்தாலும் எழுந்து நடங்கள். கோபத்தோடு நடந்தாலும் குற்றமில்லை. நாம் போய்ச் சேர்கிற இடத்தில் ஆத்தாள் நமக்கு முன்னால் நிற்பாள்.