யார் விரல் என்று எழுதவில்லை

ராக்கப்பனுக்கு வலது கட்டை விரல் தட்டையாக, அகலமாக இருக்கும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தபோது, நூல் சுற்றிய பாபின்களை ஏற்றிய தள்ளுவண்டிச் சக்கரம் அதன் மேல் ஏறிவிட்டது. எலும்பு கூடியது, விரல் பழைய உருவத்துக்கு வரவில்லை. அறுந்த நூலை முடிச்சுப் போட அந்த விரல் உதவாது என்று அவரைக் கேட் காவலுக்கு மாற்றினார்கள். கேட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் மதுரைக்கு பஸ் ஏறிப் போய் இரண்டு வருஷம் ஊசி குத்தி வலி தீர்க்கும் அக்குபஞ்சர் படித்தார். அங்கே கொடுத்த ஜெராக்ஸ் தாள்கள்தான் அவருடைய பாடப்புத்தகம்.

பதினேழு வருஷமாக மம்சாபுரத்தில் அவர் வீட்டு முன்னறையில் காலை ஆறு மணிக்கெல்லாம் ஆள் வந்துவிடும். முட்டி வலி, இடுப்பு வலி, தோள்பட்டை. மில்லுக்குப் போகிறவர்கள், வயலுக்குப் போகிறவர்கள். நானும் போயிருக்கிறேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு இடுப்பு சும்மா இருக்குமா?

யாராவது வலி குறைந்தது என்று கும்பிட்டால் மனுஷன் முகம் மலராது. "ஊசியில கொறைஞ்சுச்சா, நாள் போனதுல கொறைஞ்சுச்சா, யாரு கண்டா?" என்பார். கூட வேலை பார்த்தவர்கள் 'ஊசி டாக்டரு' என்று கேலி பேசியபோதும் பதில் சொன்னதில்லை. ஆனால் ஒரு கேள்வி அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. தான் குத்துகிற இடம் சரியான இடம்தானா?

அந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவருகிறவள் போல, போன வருஷம் ஷெரின் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். அக்குபஞ்சரில் ஊசி குத்துகிற புள்ளி என்பது உடம்பில் தனியாக இருக்கிற ஒன்றா, இல்லை வெறும் தோல்தானா என்று பார்ப்பது அவள் வேலை.

"உங்களை மாதிரி அஞ்சு பேரை ஒரே கால்ல குறிக்கச் சொல்லுவோம் அண்ணாச்சி. ஒருத்தர் குறிச்சது அடுத்தவருக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே இடத்தைத் தொடுதீங்களான்னு பார்ப்போம். பொறவு அந்த இடத்துத் தோல்ல கரண்ட் எம்புட்டுப் பாயுதுன்னு மீட்டர்ல அளப்போம்."

அவர் மனைவி மாரீஸ்வரிக்கு இது பிடிக்கவில்லை. "எதுக்கு வம்பு? தப்புன்னு சொல்லிட்டா என்ன செய்வீய?"

"ஏட்டி, தப்புன்னா தெரிஞ்சுக்கிட வேண்டாமா?" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சோதனை நடந்தது. திரைக்குப் பின்னால் பத்து பேர் உட்கார, கால்கள் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். அதில் ஒரு கால் என்னுடையது. குறிக்கிற மை வெறும் கண்ணுக்குத் தெரியாது, நீல விளக்கு அடித்தால்தான் தெரியும்.

முதலில் வந்தவர் என் காலைப் பிடித்ததுமே, "ஏலே, இது யாரு காலு? நார் போட்டுத் தேச்சாலும் அழுக்குப் போகாது போலுக்கே" என்றார்.

"குறிக்க வந்தீயளா, குளிப்பாட்ட வந்தீயளா?" என்று திரைக்குள்ளிருந்து கேட்டேன். மண்டபமே சிரித்தது.

அடுத்து ராக்கப்பன் முறை வந்தது. அந்தத் தட்டை விரல் பட்டதும் அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முட்டிச் சில்லுக்குக் கீழே விரலை அகலவாக்கில் ஒரு தடவை வைத்தார், அதற்குக் கீழே இரண்டு, மூன்று. அங்கே புள்ளி.

மூன்று வாரம் கழித்து ஷெரின் மம்சாபுரம் வந்தாள். நானும் அங்கே இருந்தேன். கால் படம் போட்ட தாளை விரித்தாள். நாலு பேர் வைத்த புள்ளிகளை ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். ராக்கப்பனுடைய புள்ளி மட்டும் முக்கால் அங்குலம் கீழே. பத்துக் காலிலும் அப்படியே.

"எதை வச்சு அளக்கீங்க அண்ணாச்சி?"

தன் கட்டை விரலைக் காட்டினார்.

"உங்க விரல்லயா?"

"பின்ன யாரு விரலு?"

அவள் அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். "வலின்னு வாரவங்க விரல்லதான் அளக்கணும். உடம்புக்கு உடம்பு அளவு மாறும்லா."

ராக்கப்பன் உள்ளே போய் மதுரைத் தாளை எடுத்து வந்தார். 'முழங்கால் சில்லுக்குக் கீழே மூன்று கட்டை விரல்' என்று இருந்தது. யார் விரல் என்று எழுதவில்லை. மற்ற நாலு பேரில் இன்னொருவரும் தன் விரலால்தான் அளக்கிறாராம். அவருக்கு சாதாரண விரல், அதனால் தப்பு வெளியே தெரியவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றாள் ஷெரின். "மீட்டர்ல எந்த வித்தியாசமும் வரல. அவங்க குறிச்ச இடம், நீங்க குறிச்ச இடம், சும்மா தொட்ட இடம், எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"அப்பப் பொறவென்ன அண்ணாச்சி, விடுங்க" என்றேன் நான்.

"மீட்டர் சொல்லுதது மீட்டரோட பாடு. நான் அளந்தது தப்பு" என்றார் ராக்கப்பன்.

மறுநாள் காலையில் வந்த எல்லாரிடமும் இதைச் சொன்னார். வத்திராயிருப்பிலிருந்து வாராவாரம் வருகிற பெத்தம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப எனக்கு வலி கொறைஞ்சது பொய்யாலே?"

"பொய்யில்லக்கா. எதனாலன்னுதான் எனக்குத் தெரியல."

"தெரியாட்டிப் போகுது. குத்து, எனக்கு பஸ்ஸு போயிரும்."

அவள் விரலையே அவள் காலில் வைக்கச் சொல்லி அளந்தார். ஒடுங்கிய விரல். வழக்கமாகக் குத்துகிற இடத்துக்கு ஒரு அங்குலம் மேலே வந்து நின்றது. ஊசியை எடுத்தார். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

"இன்னிக்கு வேண்டாம்க்கா. மொதல்ல பெரியாஸ்பத்திரியில முட்டியை ஒரு படம் எடுத்துட்டு வா."

பெத்தம்மாள் தெருமுனை வரைக்கும் வைதுகொண்டே போனாள்.

அடுத்த மாதம் ஷெரின் திரும்ப வந்தாள். உட்காரத் தயங்கினாள். "உங்க புள்ளிகளை மட்டும் கணக்குல இருந்து எடுத்துரலாம்னு என் ஆராய்ச்சியைப் பார்க்குத சார் சொல்லுதாங்க. அளந்த முறை வேறங்கிறதால. உங்களுக்கும் சங்கடம் இருக்காது."

"எடுத்துட்டா?"

"எல்லாரும் ஒரே இடத்தைத்தான் தொட்டாங்கன்னு வரும்."

"தொடலையே" என்றார் ராக்கப்பன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "பதினேழு வருசமா வந்த சனம் அம்புட்டும் அந்தக் கீழ் இடத்துலதாம்மா குத்து வாங்குச்சு. அதை எடுத்துட்டா அவிய எங்க போவாவ? இருக்கட்டும். ஏன் தப்பாச்சுன்னும் எழுதிருங்க."

"பேரு வராது. அஞ்சு பேர்ல மூணாம் நபர்னுதான் போடுவோம்."

"போடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னாள்: "மூன்றாம் நபர், முறை தெரியாமல் தன் விரலால் அளந்தார்."

"'தெரியாமல்'னு போடாதீய" என்றார். "மதுரையில நான் கேக்கல. 'கேட்காமல்'னு போடுங்க."

ஷெரின் அவர் முகத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்து மாற்றினாள்.