சின்னம்மாவின் பத்துச் சுற்று

எங்கள் வீட்டில் பகலில் யாரும் படுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலும் சுவரில் சாய்ந்து உட்காரத்தான் அனுமதி. அம்மா பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தாள். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும் என்று அவள் படித்த காலத்தில் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். ஆபரேஷன் ஆன மறுநாளே ஆளை எழுப்பி நடக்க விடுவதில் அவள் கெட்டிக்காரி. டாக்டர்களே மெச்சுவார்களாம்.

எனக்கு ஒன்பது வயதான கோடை விடுமுறையில் அம்மாவின் தங்கை வந்து எங்களோடு தங்கினாள். புளியம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்த சின்னம்மா. மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்தாகிவிட்டது. கோயமுத்தூரில் இருபத்தைந்து நாள் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பதினொரு மணி வாக்கில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, பம்புப் பட்டறைக்கு இரண்டாவது ஷிஃப்ட் கிளம்பிவிடுவார். அம்மா டூட்டி முடிந்து வர ஆறு மணியாகும். நடுவில் நானும் சின்னம்மாவும்தான்.

முதல் வாரம் சரியாகத்தான் இருந்தாள். மூன்று மாடு கறந்து, பருத்தியும் எடுத்துப் பழகிய ஆள் அல்லவா, சும்மா இருக்க மாட்டாமல் எங்கள் வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தேய்த்துத் தள்ளினாள். இரண்டாவது வாரம் படுத்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே இருப்பவள் பாதியில் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் படுப்பாள். பகலெல்லாம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் முகமாகவே இருக்கும். அம்மா பயந்துபோனாள். பயம் என்று இப்போதுதான் தெரிகிறது; அன்றைக்கு அது கோபமாகத்தான் எனக்குத் தெரிந்தது. படுக்க விட்டால் தங்கை படுக்கையோடு போய்விடுவாள் என்பதுதானே அவள் படித்த படிப்பு.

ஆஸ்பத்திரியில் இருப்பது போலவே ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மத்தியானம் வீட்டைச் சுற்றிப் பத்துச் சுற்று. நடந்தால் டிக், நடக்காவிட்டால் பெருக்கல் குறி. "நான் இல்லாதப்ப இந்த வார்டுக்கு நீதான் சிஸ்டரு" என்று பென்சிலை என்னிடம் கொடுத்தாள். அடேயப்பா, எனக்கு வந்த மிதப்பு! செய்தித்தாளை மடித்துத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது சுற்றிலேயே சின்னம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிடுவாள். "ஒடம்பு நனைஞ்ச சாக்குமூட்டையாட்ட கனக்குது சாமி. பத்தும் நடந்தேன்னு போட்டுக்கோ கண்ணு" என்று கெஞ்சுவாள். நான் போடவில்லை. பொய்யே சொல்லாத பிள்ளை என்று வகுப்பில் எனக்குப் பெயர். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வரிசையாகப் பெருக்கல் குறிகளைப் பார்த்த ஒரு சாயங்காலம் அம்மா வெடித்துவிட்டாள். "கட்டியும் எடுத்தாச்சு, காச்சலும் இல்ல, ரத்தமும் நல்லா இருக்குது. அப்புறம் என்ன படுக்கை? இப்படி சோம்பேறியாட்ட கெடந்தீன்னா ஒடம்பு எப்படித் தேறும்?" சோம்பேறி என்று சின்னம்மாவை அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவும் இல்லை.

பதினான்காம் நாள் கரண்ட் வைத்துவிட்டு வந்த மத்தியானம் புளியம்பட்டியிலிருந்து சித்தப்பா அவளைப் பார்க்க வந்தார். சின்னம்மா தலையைச் சீவிக்கொண்டு, அவர் கண்ணெதிரிலேயே நடந்தாள். ஒரு கை சுவரில், உதடு பல்லுக்கடியில். நான் சத்தமாக எண்ணினேன். பத்துச் சுற்று! "பாருங்க, எனக்கு நல்லாயிருச்சுங்க. டாக்டரே ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு" என்றாள். சித்தப்பா நம்பினார், பாவம், நம்பத்தான் ஆசைப்பட்டிருப்பார். இரண்டு பேரும் மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அம்மா வந்ததும் நான் டிக்கைக் காட்ட ஓடினேன். அவளோ கொடியில் சின்னம்மாவின் சேலை இல்லாததைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா இரண்டு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். சின்னம்மா வரவில்லை. அம்மா ரோஷத்தில் போகவே இல்லை.

ஆடி மாதம் நகரத்தில் நர்சுகளுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. போய்விட்டு வந்த அம்மா சேலைகூட மாற்றாமல் சமையலறையில் அப்பாவிடம் சொன்னாள். "அந்தக் களைப்பு எத்தனை தூங்குனாலும் தீராதாமுங்க. கரண்ட் வெக்க வெக்க ஏறுமாம். ரத்தத்துல தெரியாதாம், நோயாளி சொல்றதத்தான் நம்போணுமாம். முடியறப்ப கொஞ்சம் நடக்க வெச்சு, முடியாதப்ப படுக்க விடோணுமாம். இத்தனை வருசம் ஊசி போட்டேன், இது ஒண்ணு எனக்குத் தெரியலீங்களே."

மறுநாளே லீவு போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எப்படியாவது கூட்டிவந்து, வேண்டுமட்டும் படுக்க வைத்து, மீதிக் கரண்டையும் வைத்துவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நோய் உள்ளே பரவி, அதற்கெல்லாம் காலம் கடந்துவிட்டது என்றோ, தீபாவளி வரைகூட சின்னம்மா இருக்கமாட்டாள் என்றோ எங்களுக்குத் தெரியாது.

சின்னம்மா கயிற்றுக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியவள் அம்மாவைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். "இப்பத்தானுங்க்கா படுத்தேன். சத்தியமா இப்பத்தானுங்க்கா" என்றபடியே மூலையிலிருந்த சீமாறை எடுத்து, சுத்தமாக இருந்த தரையைக் கூட்ட ஆரம்பித்தாள்.

"படு கண்ணு, படுத்துக்க அம்மணி" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள். சின்னம்மா நம்பவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா, நல்லா இருக்கறனுங்க்கா" என்று கையை விடுவித்துக்கொண்டு, மூச்சிரைக்க இரைக்கக் கூட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாலு சுற்று நடக்க அழுத சின்னம்மா எழுந்து வேலையே செய்கிறாள், அம்மா சந்தோஷப்படாமல் எதற்கு அழுகிறாள்? அம்மாவுக்கும் சேர்த்து நானே சின்னம்மாவைப் பார்த்துக் கைதட்டினேன்.