மாப்பிள்ளையின் கால் கழுவிய முகூர்த்தம்

ஆவணி மாதத்து முதல் முகூர்த்தம் அது, வளர்பிறை, புதன்கிழமை. வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில், பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். உள்ளே மணப்பெண்ணாக அக்கா.

மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்தவர். அவர்கள் வழக்கப்படி, பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துவர வேண்டும். நாங்கள் மலைநாட்டிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியேறியவர்கள். வீட்டில் இரண்டும் பெண்கள். சித்தப்பா மகனைக் கூப்பிடலாம் என்றார் அப்பா. "கூடப் பொறந்தவ நான் இருக்கேன்ல?" என்று நாள்கணக்கில் மல்லுக்கட்டித்தான் அந்தச் செம்பை வாங்கியிருந்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு மட்டும் மனமில்லை.

"பொம்பிளைப் பிள்ளையோ? எங்கட ஆக்கள் என்ன கதைப்பினம்?"

கழுவினேன். வேட்டியில் ஒரு துளி படவில்லை. நிமிர்ந்தால், மாப்பிள்ளை ஒரு மோதிரத்தை எடுத்து என் விரலைப் பிடித்தார்! கால் கழுவும் மச்சானுக்கு மோதிரம் போடுவதும் அவர்கள் வழக்கமாம். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஓர் ஆண் மோதிரம் போட்டால் அது நிச்சயதார்த்தம்.

"ஐயோ மாப்ள, பொண்ணு உள்ள இருக்கா! இது சின்னவ!" என்று அம்மா இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

தவில்காரர் அதைக் கெட்டிமேளத்துக்கான சைகை என்று எடுத்துக்கொண்டார். நாதஸ்வரமும் சேர்ந்துகொண்டது. பின்வரிசைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காமல் அட்சதையை வீசினார்கள். என் தலையெல்லாம் அரிசி. ஈரக்கால் வழுக்கியதில் மாப்பிள்ளை என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாதிச் சடையோடு அக்கா ஓடிவந்தாள்.

"அடிப்பாவி, முடிச்சிட்டியா?"

"இல்லடி, கால்தான் கழுவுனேன்!"

தவில்காரரே சிரிப்பை அடக்கமுடியாமல் குச்சியை நழுவவிட்டார். அக்கா மோதிரத்தை மாப்பிள்ளையிடமிருந்து பிடுங்கித் தானே எனக்குப் போட்டுவிட்டாள். ஆண்பிள்ளைக்கென்று முன்பே செய்த மோதிரம், கட்டைவிரலில்தான் நின்றது.

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை அதட்டினார்.

"என்ன மச்சான், பாத்துக்கொண்டு நிக்கிறீர்? மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளுக்கு வாரும். நேரம் போகுதெல்லோ!"