கம்பவுண்டர் காருக்கு எண்ணெய் தேடியது

நாற்பது வருஷம் மருந்துக்கடையில் இருமல் மருந்து கலந்தவர் கம்பவுண்டர். ஓய்வு பெற்றதும், ஏறக்குறைய தம் வயதே ஆன ஒரு பழைய கார் வாங்கினார். எல்லாம் சரி, குதிப்புதான் தாங்காது. ஒரு கல்லில் ஏறினால் அடுத்த தெருவரை குதிக்கும். பானெட்டில் உட்கார்ந்த காக்கை இறங்க வழி தெரியாமல் மூன்று தெரு கூடவே வந்தது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

குதிப்பை அடக்கும் அந்தக் காலத்து ஷாக் அப்சர்பர், எண்ணெய் நிரப்பிய இரும்புக் குடுவை. எண்ணெய் வற்றியிருந்தது. எதை ஊற்றுவது? கெட்டியான மருந்துக்குத்தான் வீரியம் என்ற தொழில் புத்தியில் கியர் ஆயிலை ஊற்றிவிட்டார்.

மறுநாள் மனைவியோடு கிளம்பினார். குதிப்பு நின்றது, கூடவே அசைவும் நின்றது. ரோட்டில் கிடந்த தீக்குச்சிகூட அம்மாளின் முதுகெலும்பை விசாரித்துவிட்டுப் போயிற்று.

"நிறுத்துங்க. நான் பஸ்ல போறேன்."

"கொஞ்சம் பழகினா சரியாயிடும்."

"எது, என் இடுப்பா? இனிமே இதுல ஏறினா ஏன்னு கேளுங்க."

இரண்டு வாரம் பஸ்தான். கம்பவுண்டருக்குக் கார் கசந்தது. பக்கத்தில் அம்மாள் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று அதட்டாத பயணமும் ஒரு பயணமா?

லாரி ஓட்டும் மச்சினன் வந்தான். "பிரேக் ஆயிலை ஊத்துங்க மச்சான், வெண்ணெய் மாதிரி போகும்."

"உள்ள இருக்கற ரப்பரைத் தின்னுடும்டா. நீ போய் உங்க அக்காவைச் சமாதானப்படுத்து."

"ஐயோ, எண்ணெய் தேடுறதே சுலபம் மச்சான்!"

கம்பவுண்டர் ஒரு கண்ணாடிப் பலகையைச் சாய்த்து வைத்தார். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு, பைக்கின் முன் ஃபோர்க்கில் ஊற்றும் இருபதாம் நம்பர் எண்ணெய் ஒரு சொட்டு. ஃபிரிட்ஜில் குளிரவைத்து ஒருமுறை, வெயிலில் காயவைத்து ஒருமுறை ஓடவிட்டார். இன்ஜின் ஆயில் குளிரில் தேனாக நகர்ந்தது, வெயிலில் தண்ணீராக ஓடியது. ஃபோர்க் எண்ணெயின் நடை அவ்வளவாக மாறவில்லை. வீரியம் கிடக்கட்டும், குணம் மாறாததுதான் வேண்டும் என்று புரிந்தது. பழையதை வடித்து, குமிழி அடங்கும்வரை நிதானமாக இதை நிரப்பினார். மட்கார்டை அழுத்திவிட்டார், ஒருமுறை எழுந்து, சாதுவாக அடங்கியது.

"தெருமுனை வரைக்கும்தான்," என்று அம்மாள் ஏறினார்.

தெருமுனை வந்தது. பேச்சைக் காணோம். திரும்பிப் பார்த்தால், வாய் லேசாகத் திறந்தபடி நல்ல தூக்கம். எழுப்ப மனம் வராமல் கம்பவுண்டர் ஊரை ஏழு சுற்றுச் சுற்றினார். பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபிறகு வேறு வழியின்றி பங்க்கில் ஒதுக்கினார்.

அம்மாள் கண்ணைத் திறந்தார்.

"ஏங்க நிறுத்தினீங்க? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு!"