மீனுக்கு மட்டும்

அந்த வீட்டில் மீன்களைத் தவிர வேறு யாருக்கும் தனி வாளி கிடையாது. குளிக்க, துணி ஊறவைக்க, தரை துடைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு வாளி மூன்று பேருக்கு மாறி மாறி உழைத்தது. நீல வாளி மட்டும் பால்கனியில் கவிழ்ந்து படுத்து ஓய்வெடுக்கும். அதன் வயிற்றில் அழியாத மையால் ‘மீனுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. சோப்பு பட்ட வாளியில் தண்ணீர் எடுத்துத் தொட்டியில் ஊற்றினால் மீனின் செவுள் வெந்துவிடும் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே வீட்டுக்காரர் மனைவியை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மனைவி வேறு ஏதாவது கேட்க நினைத்து உட்கார்ந்திருக்கலாம்.

அவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். உடைந்த பிஸ்கட் ஒன்று பெட்டிக்குள் போய்விட்டால், “காரணம் என்ன?” என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு மேசையாக வருவார். காரணம் எப்போதும் ஒரு மனிதராகத்தான் இருக்கும். இயந்திரத்தின்மேல் தப்பு என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இயந்திரம் தலைகுனிந்து நிற்காது அல்லவா. தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே ‘காரணம்’தான். “டேய், காரணம் வராரு” என்று யாராவது சொன்னால் பொட்டலம் கட்டும் பிரிவு முழுவதும் நிமிர்ந்து நிற்கும்.

இதே மனிதர் வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். வரவேற்பறையில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் தொட்டி இருந்தது. சனிக்கிழமை மாலை குழாய்த் தண்ணீரை நீல வாளியில் பிடித்து, குளோரின் வாடை போகட்டும் என்று திறந்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, அடியில் கிடக்கும் கசடை இழுத்து வெளியே விடுவார். அதில் ஒரு வாய் உள்ளே போய்விடுவதும் உண்டு; அதைப் பற்றிப் பேசமாட்டார். வடிகட்டியின் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுவார். கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கும் நத்தை நகரும்வரை பாசியைச் சுரண்டாமல் காத்திருப்பார். ஒரு பிஸ்கட்டுக்குக் கிடைக்காத பொறுமை ஒரு நத்தைக்குக் கிடைத்தது.

மாமியார் காலமானபிறகு மாமனார் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தார். பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். சீட்டு வாங்காதவன் எங்கே ஒளிந்து நிற்கிறான் என்பது அவருக்கு ஏறியதுமே தெரிந்துவிடுமாம். ஆனால் கத்தமாட்டாராம், பக்கத்தில் போய் நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “எங்க இறங்கணும்?” என்று மட்டும் கேட்பாராம். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மகள் இதை மறக்காமல் சொல்வாள்.

வந்த புதிதில் அவர் தொட்டியின் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று மாப்பிள்ளை அவருக்குக் காலைத் தீனி போடும் பொறுப்பைக் கொடுத்தார். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுவார். மீன்களெல்லாம் ஒரே மூலையில் முட்டிமோதும். “உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி காலியாத்தான் இருக்கு” என்பார். மூடியை மூடியதும் கண்ணாடியை ஒரு தட்டு, “ரைட், போலாம்.” ஏஞ்சல் மீன் ஜோடி ஒன்று அவர் விரல் போகும் பக்கமெல்லாம் போகும். மாப்பிள்ளையின் விரலுக்கு அவை அப்படி வந்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமில்லை என்று அவரே இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை காலை எல்லா மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தது. மாலைக்குள் ஏஞ்சல் ஜோடி போயிற்று, மாலி மீன்கள் போயின, மிச்சம் மீதியும் போயின. அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சக்கர் மீன் மட்டும் எதுவும் நடக்காததுபோல் பாசியைத் தின்றுகொண்டிருந்தது.

செய்தி கேட்டு ஆய்வாளருடைய மீன் சிநேகிதர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். இரண்டு பேர் வீட்டிலும் தொட்டி உண்டு. ஆளுக்கொரு பக்கம் குனிந்து வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஆய்வாளர் அவர்கள் முன்னிலையிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

“மாமா, ஞாயித்துக்கிழமை காலைல தீனி எவ்வளவு போட்டீங்க?”

“வழக்கம்போலதான் மாப்பிள்ளை.”

“வழக்கம்னா?”

“விரல்ல வர்ற அளவுதான்.”

“ரெண்டு விரலா, மூணு விரலா?”

பெரியவர் தன் கையை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

“சொல்லத் தெரியலையே மாப்பிள்ளை.”

தீர்ப்பு வந்துவிட்டது. தின்னாத தீனி அடியில் அழுகும், தண்ணீர் விஷமாகும், மீன் மேலே வரும் என்று ஆய்வாளர் படிப்படியாக விளக்கினார். ஒன்றும் தவறில்லை, எல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். ஸ்டுடியோக்காரர் கனத்த சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்க நினைத்தார்.

“கண்டக்டர் மாமா எல்லாருக்கும் ஒரேடியா டிக்கெட் கிழிச்சுட்டாரு, விடுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அன்றே தீனி டப்பா பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. மறுநாள் பெரியவர் நாற்காலியைப் பால்கனிக்கு மாற்றிக்கொண்டார். அங்கே நீல வாளியும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

“டிவி கூட இல்லாத வீட்டுல அப்பா அந்தத் தொட்டியத்தான் பாத்துட்டு இருந்தாரு,” என்றாள் மனைவி.

“பாக்க வேண்டாம்னு நான் சொல்லலையே.”

“சொல்லலதான். நீங்க எதைத்தான் சொல்லியிருக்கீங்க, கேள்விதான கேப்பீங்க.”

தொட்டி சுத்தமாகி, தண்ணீர் தெளிந்து, புது மீன்களும் வந்தன. புது ஏஞ்சல்களுக்கு ஆய்வாளரே தீனி போட்டார். அவை அவர் விரலைப் பார்த்ததும் செடிக்குப் பின்னால் போயின.

பிறகு ஒரு சனிக்கிழமை. மழைச் சேறு அப்பிய வண்டியைக் கழுவ ஆய்வாளர் கீழே இறங்கினார். வழக்கம்போல் சிவப்பு வாளியில் துணி ஊறிக்கொண்டிருந்தது; கைக்குக் கிடைத்த நீல வாளியைத் தூக்கிக்கொண்டார். வண்டி ஷாம்பூவை ஊற்றிக் கலக்கினார். நுரை பொங்கி விளிம்பைத் தொட்டது. அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம். மாமனார் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறு கையில் சிவப்பு வாளி நிறையத் தண்ணீரோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். வாளியைக் கீழே வைத்து, மூச்சு வாங்கியபடி, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“மாப்பிள்ளை, இதுல கழுவுங்க.”

“அதுல துணி ஊறுதே மாமா?”

“துணிய எடுத்து ஓரமா வெச்சுட்டேன்.”

“எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம். இதுவே போதும்.”

“அதைக் குடுங்க, நல்லாத் தேய்ச்சுக் கழுவி மேல வைக்கறேன். சாயங்காலம் தண்ணி பிடிச்சு வைக்கணும்ல.”

ஆய்வாளர் வாளியைப் பார்த்தார். எழுத்து அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது. நுரை வழிந்து ‘மட்டும்’ என்ற சொல்லின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குச் சட்டென்று எல்லாம் நினைவுக்கு வந்துவிடவில்லை. நினைவு வராமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமையும் வண்டி கழுவினார். இதே வாளி. ஒரு குவளைத் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கொட்டினார். மாலையில் அதிலேயே தொட்டிக்குத் தண்ணீர் பிடித்தார். மனைவி அதில் ஒரு கைக்குட்டையை நனைத்திருந்தால்கூட வீடு இரண்டாகியிருக்கும். ஆனால் விதியைச் சோப்புக்குத்தான் எழுதியிருந்தார். வண்டிக்குப் போடுவது ஷாம்பூ. தவிர, விதி மற்றவர்களுக்கு. எழுதியவருக்கும் சேர்த்து எழுதுவதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

“அன்னிக்கும் பாத்தீங்களா மாமா?”

“துணி எடுக்கப் பால்கனிக்கு வந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நாலு பேர் உக்காந்திருந்தாங்களே.”

“அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே?”

“நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நெனச்சேன். காரணம் கண்டுபிடிக்கறதுதானே உங்க வேலை.”

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ஆய்வாளர் பிழைத்துப்போயிருப்பார்; பதிலுக்கு ஏதாவது சொல்லிக் கோபப்பட்டிருக்கலாம். பெரியவர் நீல வாளியைத் தூக்கி, நுரையைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, படியேறிப் போனார்.

அன்று அந்த வண்டி பட்ட குளியலை அதைச் செய்த கம்பெனிகூடக் கொடுத்திருக்காது. எவனும் கழுவாத சங்கிலியைக் கழுவினார். பக்கத்து வீட்டு வண்டியையும் கழுவிவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். மேலே போகாமல் இருக்க வேறு வழி தெரியவில்லை.

கடைசியில் போனார். பீரோவைத் திறந்து தீனி டப்பாவை எடுத்துத் தொட்டியின் மூடிமேல் வைத்தார். இதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தாரோ என்னவோ. மறுநாள் காலை பெரியவர் டப்பாவைப் பார்த்தார், தொடவில்லை. தொட்டியைத் தாண்டிப் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார். நாலு பேர் முன்னால் பறித்ததை யாரும் இல்லாத நேரத்தில் மூடிமேல் வைத்துவிட்டுப் போனால் அது திருப்பிக்கொடுத்ததாகாது என்பது ஆய்வாளருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் மனைவியிடம் போனார்.

“அன்னிக்கு வாளித் தண்ணில ஏதோ கலந்திருக்கு போல.”

“கலந்திருக்குன்னா? அதுவா நடந்து போய்க் கலந்துச்சா?”

“நான்தான். வண்டி கழுவினேன்.”

மனைவி கத்தவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“என்கிட்ட ஏன் சொல்றீங்க? நானா அன்னிக்குச் சிரிச்சேன்? சிரிச்சவங்க இன்னிக்குப் புது மீனைப் பாக்க வராங்கல்ல, அவங்ககிட்டச் சொல்லுங்க.”

அவர்கள் வந்தார்கள். நுழைந்ததும் ஸ்டுடியோக்காரர் பால்கனியை எட்டிப் பார்த்தார்.

“மாமா, அங்கயே உக்காருங்க. புது மீனுங்களுக்கு இன்னும் உங்க மகிமை தெரியாது.”

சிரிப்பு எழுந்தது. ஆய்வாளர் வாயைத் திறந்தார். வடிகட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. பஞ்சில் வாழும் நல்ல கிருமிகள் எப்படிக் கழிவைத் தின்று தண்ணீரைக் காக்கின்றன என்று நெடுநேரம் பேசினார். அவ்வளவு நன்றாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மனைவி தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் மீன்கள்கூடத் திரும்பின. ஆய்வாளர் பாதிப் பேச்சில் எழுந்து பால்கனிக்குப் போய், மாமனாரின் முகத்தைப் பார்க்காமல், நீல வாளியை எடுத்துவந்து நடுவில் வைத்தார்.

“இதுல நான் வண்டி கழுவினேன்.”

“எப்போ?” என்றார் பல் டாக்டர்.

“அந்த மீனுங்க சாகறதுக்கு முன்னாடி. இதுலதான் தொட்டிக்கும் தண்ணி பிடிச்சேன்.”

“சோப்பா?”

“ஷாம்பூ.”

“நுரை வந்திருக்குமே சார்?”

“வந்துச்சு.”

“எவ்வளவு போட்டீங்க? ஒரு மூடியா, ரெண்டு மூடியா?”

பல் டாக்டர் விஞ்ஞான ஆர்வத்தில்தான் கேட்டார். ஆய்வாளர் தன் கையைப் பார்த்தார்.

“சொல்லத் தெரியல.”

அந்தப் பதிலை இதே அறையில் முன்பு கேட்டது எல்லோருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். ஸ்டுடியோக்காரர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“மாமா மேல தப்பே இல்ல,” என்றார் ஆய்வாளர். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்து, அங்கேயே இறங்கிக்கொண்டது.

பால்கனியிலிருந்து குரல் வந்தது.

“மாப்பிள்ளை, வாளிய ஓரமா வைங்க. யாருக்காவது கால் இடிக்கப் போகுது.”

மறுநாள் பெரியவரின் நாற்காலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்தார். தூவவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆய்வாளரிடம் விரலை நீட்டிக் காட்டினார்.

“இது சரியா இருக்குமா மாப்பிள்ளை?”

“சரியா இருக்கு மாமா.”

அதன்பிறகுதான் தூவினார். “உள்ள போங்க” என்று சொல்லவில்லை.

பழிவாங்குகிறார் என்றால் ஆய்வாளருக்கு நிம்மதியாக இருக்கும். அப்படியும் இல்லை. பெரியவருக்கு உண்மையாகவே தன் விரல்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் காட்டுகிறார், தினமும் மாப்பிள்ளை தலையாட்ட வேண்டியிருக்கிறது. தீனி நேரம் பார்த்து ஆய்வாளர் குளியலறைக்குள் புகுந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறார். உள்ளே சிவப்பு வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்தாலும் குழாயை மூடுவதில்லை. வெளியே மீன்கள் மூலையில் முட்டிமோதி நிற்கின்றன. பெரியவர் சிட்டிகையைச் சிந்தாமல் பிடித்தபடி, குளியலறைக் கதவைப் பார்த்துக் காத்திருக்கிறார்.